குன்னூரில் வாசித்தும் பயம் வராதது குறித்து

வணக்கம். குன்னூரில் தனியாகத் தங்கி, மழை இரவுகளில் வாசித்தும் பேய்க்கதை எதுவும் தங்களுக்கு அச்சமூட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் குறிப்பிட்டவற்றில் பேய் முதல் பக்கத்திலேயே முழு உருவத்துடன் வந்து நின்றுவிடுகிறது. கோத்தகிரியில் ஓரிரவு எங்கள் வீட்டுச் சுவரை ஏதோ உரசி, சன்னலருகே பெருமூச்சு விட்டது. காலையில் காட்டெருமையின் குளம்படியைக் கண்டதும் என் நடுக்கம் நின்றுவிட்டது; இன்னதென்று தெரியாதவரைதான் அச்சம்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசியுங்கள்: நள்ளிரவில் பிணம் கருகும் நாற்றம் எழுந்து ஊதுவத்தி மணமாக மாறுவதையும், மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட பிச்சைக்காரி யார் என்பது கணவருக்கு இறுதிவரை உறுதிப்படாததையும் எண்ணி நான் பல இரவுகள் விழித்திருக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையையும் தேடிப் படியுங்கள். அதன் முடிவில் கதவு தட்டப்படும் ஓசைதான் கேட்கிறது, திறக்கும்போது தெருவில் யாருமில்லை.