கார்டில் மூன்று ஊசி, குட்டிக்கு நாற்பது நாள்

கேள்வி: போன வாரம் ஒரு புரோக்கர் மூலம் லேப்ரடார் குட்டி வாங்கினோம். வயது 40 நாள். மூன்று ஊசியும் போட்டு முடிந்ததாகக் கார்டில் எழுதியிருக்கிறது. "இனி வருஷத்துக்கு ஒன்று போட்டால் போதும், வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு வெறிநாய் ஊசியெல்லாம் வேண்டாம்" என்கிறார். வீட்டில் ஒரு பூனையும் உண்டு. வருஷம் முழுக்க நாங்கள் என்னென்ன கவனிக்க வேண்டும்? — வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: வருஷக் கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கார்டு. நாற்பது நாள் குட்டிக்கு மூன்று ஊசி முடிந்துவிட்டது என்று யார் எழுதிக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். பார்வோ (ரத்தக் கழிச்சல்), டிஸ்டெம்பர் ஆகிய உயிர்க்கொல்லி நோய்களுக்கான கூட்டு ஊசியையே ஆறு வாரம், அதாவது 42 நாள் ஆன பிறகுதான் தொடங்குவோம். உங்கள் குட்டி அந்த வயதையே தொடவில்லை. கார்டிலோ மூன்று ஊசி!

அதற்கு முன் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்போது போட்ட ஊசி, எண்ணெய் படிந்த அடுப்படிச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி, பிடிக்காது. அந்தச் சக்தி எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். காசு பிடுங்குவதற்காக அல்ல.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு குட்டி வந்தது. வீச்சம் அடிக்கும் ரத்தக் கழிச்சல், கண் குழிந்து போயிருந்தது. அதன் கார்டில் மூன்று வரி, மூன்றும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. இரண்டாவது ஊசி போட்ட தேதி பிப்ரவரி 30. கொண்டுவந்த பெரியவரிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார், ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். குட்டி பிழைக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்கிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். கார்டில் ஊசிக்குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, அதில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருந்து, பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருந்து, போட்ட அன்று குட்டிக்கு ஆறு வாரம் முடிந்திருந்தால் அந்த ஊசியைக் கணக்கில் சேர்க்கலாம். ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது. காலிக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவரும் "ஆமாம், நான்தான் போட்டேன்" என்றால், சரி, அது முதல் ஊசி. அப்போதும் 16 வாரம் வரைக்கும் மீதி ஊசிகளைப் போட்டே ஆக வேண்டும். உங்கள் குட்டியின் வயதுக்கு இந்த விதிவிலக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆக, உங்கள் கணக்கு இன்று பூஜ்யம். கூடுதலாக ஒரு ஊசி விழுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அதனால் கெடுதல் வராது. கூட்டு ஊசி பெரும்பாலும் இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் கட்டிபோல உறைந்த தூள், மற்றதில் திரவம். உங்கள் கண் முன்னால் கலந்து போடச் சொல்லுங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் பைக்கின் பின்னால் தெர்மோகோல் டப்பாவைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கே வந்து பாதி விலைக்குப் போட்டுவிடுகிறேன் என்கிற அண்ணாச்சிகள் நம் ஊரில் ஏராளம். அந்த டப்பாவுக்குள் ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருக்கும். செத்த மருந்தைக் குத்திவிட்டு ஊசி போட்ட தைரியத்தில் நாம் இருப்போம். ஊசியே போடாமல் இருப்பதைவிட இது மோசம்.

இன்னொன்று. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்ப்பவர் பதிவும் செய்திருக்க வேண்டும். விதி இருக்கிறது, வந்து பார்க்கத்தான் ஆளில்லை. ஆம்னி பஸ் டிக்கியில், பழப் பெட்டியில் ஓட்டை போட்டு முப்பது நாள் குட்டிகள் வந்து இறங்குவதை ஊரே பார்க்கிறது. வாங்குகிற நாமும் "சின்னதாக இருந்தால்தான் பழகும்" என்று அதைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

அடுத்து, வெறிநாய் ஊசி. வீட்டுக்குள் வளரும் நாய்க்கு வேண்டாமாம்! பால்காரருக்குக் கதவைத் திறக்கிற அரை நிமிஷத்தில் வெளியே ஓடாத லேப்ரடாரை நான் பார்த்ததில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் நாய்க்கும் மனிதனுக்கும் மருந்து கிடையாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷா வருஷம். பூனைக்கும் இதே கணக்குத்தான், அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள். அன்று பேனர், போட்டோ எல்லாம் அமர்க்களப்படும். ஆகஸ்டில் மூன்று மாதம் நிறைகிற குட்டியோடு போனால் "ஸ்டாக் இல்லை" என்ற பதிலும் கிடைக்கும். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள், தேதியில் போட்டுவிடுங்கள். எந்த நாயாவது யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குடற்புழு மருந்து மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. எடை பார்த்துத்தான் அளவு.

வருஷம் முழுக்க நம் பக்கத்து நாயைப் பிடித்து ஆட்டுவது உண்ணி. அதற்கு மழைக்காலம் வெயில்காலம் கிடையாது. நாய் உடம்பில் ரத்தம் குடித்து வீங்கிய பெட்டை உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் நிலைப்படி இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்கிறோம். தட்டட்டி ஓரம், நாய் படுக்கும் சாக்கு, சுவர் விரிசல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கலக்காமல் அப்படியே குட்டி மேல் தடவச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை பெரும்பாலும் நான்கு வாரம். ஐந்தாம் நாள் வாலாட்டியதும் நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள்.

உங்கள் வீட்டில் பூனை இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று பாதி பாராசிட்டமால் கொடுத்தாலும் பூனை செத்துப்போகும்.

கத்திரி வெயிலில் மத்தியானம் நடக்கக் கூட்டிப் போகாதீர்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காதது அதன் பாதத்துக்கும் பொறுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். அது மனிதருக்கும் தொற்றும். கூட்டு ஊசி வாங்கும்போது லெப்டோ, அதாவது இந்த எலிக்காய்ச்சலுக்கான மருந்து, சேர்ந்ததா என்று கேட்டுப் போடுங்கள், அதை வருஷம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறி வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் நாயைக் கூடவே கொண்டுபோங்கள். முடியவே முடியாது என்றால் சங்கிலியையாவது அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டில் வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை, வெந்த எலும்பு வேண்டாம்.

இப்போதைக்கு இவ்வளவு செய்யுங்கள். நாளைக்கே குடற்புழு மருந்து. புது வீட்டில் குட்டி நன்றாகச் சாப்பிட்டு, கழிச்சல் இல்லாமல் இருந்தால் அடுத்த வாரம் முதல் ஊசி. 16 வாரத்து ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை தெருத் தரையில் விட வேண்டாம், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஃபினாயிலுக்கு மசியாது. ஊசிக்குப் போகும்போதும் ஆஸ்பத்திரித் தரையில் இறக்கி விடாதீர்கள், நோய்க்குட்டிகள் எல்லாம் வந்து படுக்கும் இடம் அது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் பழைய துண்டை மடித்துப் போட்டு உட்கார வையுங்கள், நாற்பது நாள் குட்டி அதற்குள் தாராளமாக அடங்கும்.