போனவர்கள் இப்போது எங்கே? நன்கொடைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

வாசகர் கேள்வி: நானும் என் கணவரும் மாதாமாதம் ஒரு தொகையை ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் சொன்ன நிறுவனத்தை நேரில் போய்ப் பார்த்தோம். ஆதரவில்லாத குழந்தைகளுக்கு ஒரு இல்லம், இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் தங்குமிடம் என மூன்றையும் நடத்துகிறார்கள். கட்டடம் சுத்தமாக இருந்தது. குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், கிளம்பும்போது விடவே மனமில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு விடுமுறையில் ஒரு மாதம் அங்கே போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆசை. இது நல்ல நிறுவனம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்?

பதில்: சதவீதத்துக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது. உங்களை நெகிழவைத்த அதே காட்சியைப் பார்த்தால், இந்தத் துறையில் பல வருடம் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கவலைதான் வரும்.

வீட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆள் வந்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். தனக்கென்று ஒருவர் இருக்கிறார், மற்றவர்கள் வேறு என்று அதற்குத் தெரியும். பார்த்த முதல் நிமிடத்திலேயே யார் மடியில் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் குழந்தைக்கு, அந்த ஒருவர் கிடைக்காமல் போயிருக்கலாம். ஷிப்டுக்கு ஷிப்ட் பார்த்துக்கொள்கிறவர்கள் மாறுகிறார்கள், வருடத்துக்கு வருடம் வேலையை விட்டுப் போகிறார்கள். எல்லாக் குழந்தைகளும் இப்படி ஆவதில்லை, கலகலப்பான சுபாவம் உள்ள குழந்தைகளும் உண்டு. ஆனால் இல்லத்தில் இருக்கும் அத்தனை பேரும் புதியவர்களிடம் அப்படி ஒட்டிக்கொண்டால், அதை அந்த இல்லத்துக்கான நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை யாரோ ஊகமாகச் சொல்லவில்லை. ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். இல்லங்களில் சோறும் துணியும் கூரையும் இருந்தன. தன் அழுகை எதற்கென்று புரிந்துகொண்டு ஓடி வர, தினமும் அதே ஒரு ஆள்தான் இல்லை.

அப்படியென்றால் எல்லா இல்லங்களையும் மூடிவிட வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. வீடே ஆபத்தாகிப்போன குழந்தைக்கு இன்று ராத்திரியே ஓர் இடம் வேண்டும். ஆனால் இல்லம் என்பது குழந்தை கடந்து போகிற இடமாக இருக்க வேண்டும். அதனால்தான் நன்கொடை கொடுக்க யோசிப்பவர்களிடம் நான் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்வேன். இங்கிருந்து போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் பெருமையாகப் பதில் சொல்லிவிடுவார்கள். போன வருடம் எத்தனை பேர் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், திரும்பிய பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்த நிறுவனமாக இருந்தால் ஒரு சமூகப் பணியாளரைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் உட்காரவைப்பார்கள். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பாட்டியோடு போன பையன், சித்தப்பா வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்த பெண் குழந்தை என்று பெயரைச் சொல்லாமலே ஒவ்வொரு கதையும் அவருக்கு நினைவிருக்கும்.

உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அநாதை இல்லம் என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. வறுமை, நோய், ஊனமுற்ற குழந்தையை வளர்க்க உதவி இல்லாதது, தனியாக நிற்கும் தாய் வேலைக்குப் போக முடியாதது போன்ற காரணங்களால்தான் பல குழந்தைகள் அங்கே வந்து சேர்கிறார்கள். வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் நேராகவே சொல்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குடும்பச் சூழலிலேயே பராமரிப்பு தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. குடும்பத்துக்கு வெளியே வைத்துப் பராமரிக்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு. ஆகவே, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கோப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது அதைத் திறந்து 'இந்தக் குழந்தை இன்னும் இங்கே இருக்கத்தான் வேண்டுமா' என்று யோசித்தீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். கோப்பை உங்களிடம் காட்டக் கூடாது, அது குழந்தையின் அந்தரங்கம். தேதியை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொன்று. குழந்தை இல்லத்துக்கு வராமலே தடுக்க அந்த நிறுவனம் என்ன செய்கிறது? ஒரு குடும்பத்தின் சில மாத வாடகை, தாய்க்கு வேலை நேரத்தில் குழந்தையை விட ஒரு பகல்நேரக் காப்பகம், குடிநோய்க்குச் சிகிச்சை என்று செலவழிக்கிற நிறுவனத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன். இந்த வேலைக்குப் படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. வீட்டிலேயே இருக்கும் குழந்தை எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வரும் இடத்தில், படுக்கை காலியானால் வருமானம் குறையும் என்ற கணக்கும் உள்ளே நுழைந்துவிடும். நன்கொடையாளர்களான நாம்தான் அதற்கு வழி விடுகிறோம்.

இளைஞர்கள் விஷயத்துக்கு வருவோம். பதினெட்டு வயது நிறைந்ததும் பெரும்பாலான இடங்களில் சட்டப்படியான பாதுகாப்பு முடிந்துவிடுகிறது, அல்லது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் நாளையிலிருந்து நீ தனி என்று யாராவது சொல்வோமா? காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வது, வாடகை ஒப்பந்தத்தில் எதைப் படித்துப் பார்க்க வேண்டும், முதல் சம்பளத்தை என்ன செய்வது என்பதெல்லாம் குடும்பத்தில் நாம் அறியாமலே கற்றுக்கொள்கிற விஷயங்கள். இல்லத்தில் வளர்ந்தவருக்கு இவற்றை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இவை மூன்றும் கையில் இருக்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தொழிற்பயிற்சியைப் பொறுத்தவரை, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆனவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், வேலை போனால் திரும்பி வந்து பேச ஆள் இருக்கிறதா என்பதைக் கேளுங்கள்.

பெண்கள் தங்குமிடத்தில் கவனிக்க வேண்டியது நேர் எதிர். அங்கே உங்களுக்கு எதுவும் காட்டப்படாமல் இருந்தால்தான் நல்லது. உங்களை அழைத்துப் போய், இவர் இப்படி அடிபட்டு வந்தவர் என்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார்களா? அப்படிச் செய்திருந்தால் அந்த நிறுவனத்திடம் அதைப் பற்றிப் பேசுங்கள். தேடி வரும் கணவனிடமிருந்து மறைந்திருக்கும் பெண்ணுக்கு, பார்வையாளர் எடுக்கும் ஒரு செல்ஃபியே ஆபத்தாக முடியலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் துணைவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, வேறொருவரிடமிருந்து பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார். அப்படிப்பட்ட வீட்டை விட்டு வெளியேறும் நேரமும் அடுத்து வரும் மாதங்களும் மிக ஆபத்தானவை. பலர் ஒரே தடவையில் நிரந்தரமாக வெளியேறுவதும் இல்லை. குழந்தைகளுக்காக, பணத்துக்காக, பயத்தால், மன்னிப்புக் கேட்டானே என்ற நம்பிக்கையால் திரும்பிப் போகிறார்கள், மறுபடி வருகிறார்கள். போன முறை நீயாகத்தானே திரும்பிப் போனாய் என்று கேட்டுக் கதவைச் சாத்தும் இடம் இந்த வேலைக்கே லாயக்கில்லை. இங்கேயும் அதே கேள்விதான். தங்கும் காலம் முடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போகிறார்? வீடு, வருமானம், வழக்கு, பிள்ளைகளின் பள்ளி இவற்றில் யார் துணை நிற்கிறார்கள்? இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். எத்தனை வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளைத் தாயோடு தங்க அனுமதிக்கிறார்கள்? வளர்ந்த பையன்களைச் சேர்க்காத தங்குமிடங்கள் உண்டு. மகனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அடி வாங்கிக்கொண்டே வீட்டில் இருந்துவிடும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்களின் வாழ்வாதாரத்துக்கு எது நிலைக்கிறது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் மிக ஏழைக் குடும்பங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. ஆடு, மாடு போன்ற ஒரு சொத்து, கொஞ்ச காலத்துக்குச் செலவுப் பணம், பயிற்சி, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆள் என எல்லாமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கிடைக்கும். இதே மாதிரியை ஆறு நாடுகளில் சோதித்த முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் குடும்பங்களின் செலவழிக்கும் சக்தியும் சொத்தும் மேம்பட்ட நிலையிலேயே இருந்தன. தையல் மெஷினைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம், வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்த ஆள்தான்.

சரி, நிர்வாகச் செலவு. இத்தனை சதவீதம் என்று ஓர் எல்லை சொல்ல எனக்கு மனமில்லை. மேலே நான் சொன்ன நல்ல வேலைகளில் பாதி, கணக்குப் புத்தகத்தில் சம்பளம், பயணம், நிர்வாகம் என்ற தலைப்புகளில்தான் உட்கார்ந்திருக்கும். வீடு திரும்பிய குழந்தையைப் பார்க்கப் போகும் சமூகப் பணியாளரின் பஸ் செலவு, புது ஊழியரின் பின்னணியை விசாரிக்கும் செலவு, தணிக்கையாளர் கட்டணம் இதெல்லாம் வீண் செலவா? அமெரிக்காவில் அறக்கட்டளைகளைத் தரப்படுத்தும் மூன்று அமைப்புகளே 2013-இல் ஒரு திறந்த மடல் எழுதி, இந்த சதவீதத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன. அதற்காகக் கணக்கையே பார்க்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. தணிக்கை செய்த கணக்கும் ஆண்டறிக்கையும் கேட்டதும் கிடைக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தினர் மட்டும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்பி ரசீது வாங்குங்கள்.

மகளைப் பற்றி. அவர் மனசு நல்ல மனசு, அதை வாட விடாதீர்கள். ஆனால் ஒரு மாதம் போய்ப் பழகிவிட்டுத் திரும்புவது அந்தக் குழந்தைகளுக்கு இன்னொரு பிரிவு. அவர்கள் பிரிவை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். இல்லங்களில் தன்னார்வலர்களை அனுமதிக்கும் திட்டங்கள் குழந்தைகளைச் சுரண்டலுக்கு உள்ளாக்கக் கூடும் என்ற கவலையை ஐ.நா. பொதுச்சபையே 2019-இல் ஒரு தீர்மானத்தில் பதிவு செய்தது. மகள் வரலாமா என்று கேட்டதும் அந்த நிறுவனம் என்ன சொன்னது என்பதை நீங்கள் எழுதவில்லை. அடையாளச் சான்று, பரிந்துரைக் கடிதம், காவல்துறைச் சரிபார்ப்பு எதுவும் கேட்காமல் நாளைக்கே வரட்டும் என்றிருந்தால், நாளை வேறு யாரையும் அப்படித்தான் உள்ளே விடுவார்கள். நன்கொடை விஷயத்தையே அங்கே நிறுத்திவிடலாம்.

மகள் செய்யக்கூடியது வேறு நிறைய இருக்கிறது. வேலை தேடும் இளைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் சொல்லிக்கொடுக்கலாம். ஊழியர்களுக்குக் கணினி கற்றுத்தரலாம், அலுவலகக் கணக்கை ஒழுங்குபடுத்தலாம். குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால், வீட்டிலிருந்து வந்து படித்துவிட்டுப் போகும் மாலை வகுப்பில், வாரம் ஒரு நாள், குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுவதும், ஊழியர் ஒருவர் கூடவே இருக்க. எங்கே போனாலும் குழந்தைகளின் முகம் தெரியும் படத்தை எடுத்து வெளியிட வேண்டாம். நம் பிள்ளையின் கஷ்ட காலத்தை ஊர் பார்க்க நாம் விட மாட்டோம் அல்லவா?

கொடுப்பதில் என் யோசனை, குறிப்பிட்ட ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதுபோலப் பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள். கூடவே இருக்கும் மற்றக் குழந்தைக்கு அது வலிக்கும். பொதுச் செலவுக்கு என்று எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதம் தவறாமல் வருவதுதான் ஓர் ஊழியரைத் தைரியமாக வேலைக்கு வைக்க உதவும். பழைய துணி, பொம்மை எதையும் கேட்காமல் கொண்டுபோய் இறக்க வேண்டாம்.

மறுபடி ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்த முறை குழந்தைகளைப் பார்க்காமல், அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். ஐந்து வருடங்களில் இங்கிருந்து போன எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். "இரண்டு பேரோடு தொடர்பு விட்டுப்போய்விட்டது, ஒரு பையன் சரியாக இல்லை, இன்னும் முயற்சி செய்கிறோம்" என்று அவர்களாகவே சொன்னால், முதல் மாதப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடலாம்.