குரல் நின்றது எந்தக் கேள்வியில்?

கேள்வி: எனக்கு வயது 24. அருப்புக்கோட்டை பக்கம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. கணிதம். வங்கி அதிகாரி பணிக்கான ஐ.பி.பி.எஸ். முதன்மைத் தேர்வில் தேறிவிட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் சென்னையில் நேர்காணல். ஏற்கெனவே இரண்டு தனியார் கம்பெனி நேர்காணல்களில் தோற்றவள் நான். உள்ளே போனாலே கை வேர்க்கிறது, குரல் நடுங்குகிறது. போன தடவை “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டார்கள். அப்பா வீட்டில் இரண்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். அம்மா பூக் கட்டி விற்கிறார். நான் “பிசினஸ்” என்று சொல்லிவிட்டேன். “என்ன பிசினஸ்?” என்று அடுத்த கேள்வி வந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. அதற்கப்புறம் எதைக் கேட்டும் பதில் வரவில்லை. ஆங்கிலமும் தகராறு. உள்ளே போகும் முன் இடுப்பில் கைவைத்து, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் தைரியம் வரும் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா? சேலையா, சுடிதாரா? பூ வைத்துக்கொண்டு போனால் பட்டிக்காடு என்று நினைப்பார்களா?
– பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் கணிதம் படித்தவர். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தத் தேர்வில் நேர்காணலுக்கு 100 மதிப்பெண். தேறுவதற்கு 40 வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35 போதும். இறுதிப் பட்டியல் போடும்போது முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்கு. ஆக, ஐந்தில் நாலு பங்கை யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முடித்துவிட்டீர்கள். மீதி ஒரு பங்கை நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறது. அது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன், பட்டியலில் அரை மதிப்பெண்ணில் பின்னால் போகிறவர்கள் உண்டு. ஆனால் கடிதத்தைப் படித்தால் எல்லாமே அந்த அறைக்குள்தான் தீர்மானமாகப் போகிறது என்கிற மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தையே நீங்கள் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கை வேர்த்தது, குரல் நடுங்கியது, ஆனாலும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். தொண்டை அடைத்தது எந்த இடத்தில்? “என்ன பிசினஸ்?” என்ற கேள்வியில். பாடத்தில் கேட்ட கேள்வி எதிலும் இல்லை, உங்கள் வீட்டைப் பற்றிய கேள்வியில். ஒன்றை மறைத்தீர்கள், மறைத்ததன் மேலேயே அடுத்த கேள்வி விழுந்தது. அதன்பிறகு கேட்ட ஒவ்வொன்றும், இதிலும் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயத்தோடுதான் காதில் விழுந்திருக்கும். இதற்கு மூச்சுப் பயிற்சியோ கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகுவதோ மருந்தாகாது. மறைக்க வேண்டிய பொருள் கையில் இல்லாமல் உள்ளே போவதுதான் மருந்து.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நீங்கள் மறைத்த அந்த விஷயம்தான் ஒரு வங்கி நேர்காணலுக்கு உங்களிடம் இருக்கிற முதல்தரமான சரக்கு. நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவள், அதில் சில வருடங்கள் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தேன். “சிறுதொழிலுக்குக் கடன் கொடுப்பதில் என்ன பார்க்க வேண்டும்?” என்று கேட்டால், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோச்சிங் சென்டர் நோட்டில் இருக்கும் நாலு வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். நாங்கள் தலையாட்டிக்கொண்டே ஆறிப்போன டீயைக் குடிப்போம். பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) எத்தனை நாளில் தீரும், நூல் விலை ஏறும்போது கூலி ஏன் ஏறுவதில்லை, வேலை இல்லாத மாதத்தில் வீடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒரு பெண் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால், டீயைக் கீழே வைத்திருப்போம்.

அப்பாவின் தொழிலை வங்கி அதிகாரியின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். வியாபாரி நூல் தருகிறார், அப்பா நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். இதே தறியில் சொந்தமாக நூல் வாங்கி ஓட்டினால் லாபம் கூடுமே, ஏன் செய்யவில்லை? நூலுக்குக் கையில் பணம் வேண்டும். துணியை வாங்குகிற கடைக்காரர் மாதக்கணக்கில் கடன் சொல்வார். நூலுக்குப் போட்ட பணம் துணியாகி, விற்று, திரும்பிக் கைக்கு வரும்வரை வீடும் தறியும் ஓடியாக வேண்டும். புத்தகத்தில் நடைமுறை மூலதனம் என்று படித்திருப்பீர்களே, அது இந்த இடைவெளிதான். நீங்கள் அதற்குள்ளேயே வளர்ந்திருக்கிறீர்கள்.

இதோடு அரசுத் திட்டங்களையும் கோத்துக்கொள்ளுங்கள். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் 2015 ஏப்ரலில் வந்தது. சிசு என்றால் 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை கொடுக்கலாம் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்ததை 2023-இல் 1000 யூனிட்டாக உயர்த்தினார்கள். உங்கள் வீட்டு மின் கட்டணத்தில் அது என்ன வித்தியாசம் காட்டியது என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்த ஒரு எண் போதும், நோட்டில் படித்த பத்து எண்ணை விட அது கனமாக விழும்.

அம்மாவின் பூவும் அப்படித்தான். காலையில் மொத்த விலைக்கு வாங்கி, சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டிய சரக்கு; விற்காதது குப்பை. கந்துக்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பும் பழக்கம் உங்கள் தெருவில் உண்டா? உண்டென்றால் அதற்கு வருட வட்டி என்ன ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். பி.எஸ்சி. கணிதம் வேறு எதற்குப் படித்தீர்கள்?

கணிதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. “கணிதம் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு?” என்று அநேகமாகக் கேட்பார்கள். “சேவை செய்ய” என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 8 விழுக்காடு என்றால் 9 வருடம். ஒரு லட்சம் ரூபாயை 12 விழுக்காட்டில் ஒரு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 8,885 ரூபாய். அசலோடு 12,000 வட்டியைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் 9,333 ஏன் இல்லை என்று ஒரு காகிதத்தில் விளக்கிக்காட்டப் பழகுங்கள். அசலில் கழிந்துகொண்டே வருவதால் வட்டியும் குறைகிறது என்பதை உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் அதுதான்.

சரி, நடுக்கத்துக்கு வருவோம். நடுங்கத்தான் செய்யும். எனக்கும் நடுங்கியது, என் எதிரில் உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பேருக்கும் நடுங்கியது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தபிறகுதான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. வெளியே வந்து “மேடம், கையெல்லாம் ஆடிவிட்டது” என்று சொன்னவர்களின் கை ஆடியதை நான் பார்த்ததே இல்லை. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பேச வைத்துச் சோதித்தார்கள். தன் பதற்றம் எல்லோருக்கும் தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிற அளவுக்கு, கேட்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. இன்னும் சுவையான பகுதி: இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசவிட்டவர்கள் மற்றவர்களை விட நன்றாகவே பேசினார்கள். உங்களுக்கும் இப்போது சொல்லியாகிவிட்டது.

அந்த இடுப்பில் கைவைக்கும் கதை 2010-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்டவர்கள் 42 பேர்தான். அப்படி நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறுகிறது என்றார்கள். 2015-இல் வேறொரு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாறவில்லை. மறுவருடம், முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரே, தனக்கு இதில் இனி நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். நிற்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் காத்திருக்கும் அறையில் முப்பது பேர் பார்க்க நிற்காதீர்கள். மூச்சை இழுப்பதை விட விடுவதை மெதுவாகச் செய்யுங்கள், நாலைந்து தடவை. வாய் உலரும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

ஆங்கிலம். “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்ற கேள்விக்கு நீங்கள் ஒரு பத்தி மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அதைக் கிழித்துப் போடுங்கள். மனப்பாடத்தில் ஒரு வார்த்தை நழுவினால் முழுப் பத்தியும் போய்விடும். எதிரில் இருப்பவருக்கும் அது மனப்பாடம் என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஊர், படிப்பு, வீடு, பிடித்த ஒரு வேலை என்று நாலு குறிப்பு மட்டும் மனதில் இருக்கட்டும். தினமும் வேறு வேறு வார்த்தைகளில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியம். “மை ஃபாதர் இஸ் எ வீவர். வீ ஹாவ் டூ பவர்லூம்ஸ் அட் ஹோம்.” இதில் இலக்கணம் தப்ப இடமே இல்லை பாருங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் இருபத்தோரு நாளும், நாளுக்குப் பத்து தடவை, வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பா காதில் விழுந்தாலும் பரவாயில்லை, விழட்டும்.

ஓர் ஆங்கில வார்த்தை வரவே இல்லையென்றால், அனுமதி கேட்டு அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லுங்கள். பாவு, ஊடை (குறுக்கே ஓடும் நூல்) என்றெல்லாம் நீங்கள் சொன்னால் யாராவது ஒருவர் ஆர்வமாக அர்த்தம் கேட்பார். அந்த நிமிடத்தில் அந்த அறையில் ஆசிரியர் நீங்கள்.

தெரியாத கேள்வி நிச்சயம் வரும், தெரியாது என்பதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பதற்காகவே சிலர் கேட்பார்கள். ஒரு பையனிடம் ரெப்போ விகிதம் பற்றி ஏதோ நுணுக்கமாகக் கேட்டேன். “தெரியவில்லை மேடம். ரெப்போ என்றால் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் விகிதம் என்பது வரை தெரியும், அதற்கு மேல் படிக்கவில்லை” என்றான். தெரிந்த எல்லை வரை வந்து நின்றுவிட்டான். அவனுக்கு நான் போட்ட மதிப்பெண், அதே கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசியவர்களுக்குப் போட்டதை விட அதிகம். ஆனால் எல்லாவற்றுக்கும் தெரியாது என்றால் நடக்காது. வங்கிகள் தேசியமயமான 1969, தவணை தவறிய கடனை வாராக்கடன் என்று எழுத 90 நாள், இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

சேலையா சுடிதாரா என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். என் முதல் நேர்காணலுக்குச் சித்தியின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மே மாதம். அதுவரை கல்யாண வீடு தவிர நான் பட்டு கட்டியதில்லை. அறைக்குள் நுழைந்து வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினேன், கொசுவம் நழுவியது. அப்புறம் இருபது நிமிடமும் இடது கை கொசுவத்தில், புத்தியும் அங்கேயேதான். என்ன கேட்டார்கள் என்று இன்றைக்கு வரை எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த தடவை கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போன சாதாரணச் சுங்குடிச் சேலையில் போனேன், வேலை கிடைத்தது. (சேலையால்தான் கிடைத்தது என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.) அதனால், தினமும் எதை உடுத்துகிறீர்களோ அதில் சுத்தமானதை, இஸ்திரி போட்டதை உடுத்துங்கள். சேலை பழக்கமில்லை என்றால் சுடிதார் தாராளமாகப் போதும், துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். அதே உடையில் வீட்டில் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். புதுச் செருப்பு வேண்டாம், கடிக்கும். சான்றிதழ்களைக் கேட்கிற வரிசையில் ஃபைலில் அடுக்கி, நகல்களோடு முதல் நாளே சென்னை வந்துவிடுங்கள்.

கண்ணாடி வளையல் மட்டும் வேண்டாம். மேசையில் கை படும்போதெல்லாம் சத்தம் வரும், அது உங்கள் காதில்தான் இடி மாதிரி விழும்.

பூ? வைத்துக்கொள்ளுங்கள். கால் முழம் போதும், வாசனை அறையை நிறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் கட்டிய மல்லி காலைக்குள் பழுத்துவிடும். இதை நான் சொல்லியா உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்? இறுக்கமான மொட்டாகப் பார்த்துக் கட்டி, வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.