எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி–பதில்: கம்பியைத் தின்னும் தண்ணீர்த் தொட்டி

கேள்வி: மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்ட நான்கு பிசி547 டிரான்சிஸ்டர், நான்கு எல்இடி வைத்து ஒரு சர்க்யூட் செய்தேன். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. ஆறு வாரம் நன்றாக இருந்தது. இப்போது தொட்டி நிரம்பி வழிந்தாலும் ஒரு எல்இடிகூட எரிவதில்லை. அடியில் விட்ட பொதுக் கம்பி பச்சை பூத்து, நுனியையே காணோம். செம்பு இப்படிக் கரையுமா? (திண்டுக்கல்)

பதில்: கரையும். சர்க்யூட் போர்டில் எதையும் பிடுங்க வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கும். பொதுக் கம்பி பாசிட்டிவ். தண்ணீருக்குள் டிசி ஓடினால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு அயனியாகி நீரில் இறங்கிவிடும். 1 மில்லி ஆம்பியர் நாள் முழுக்க ஓடினால் 28 மில்லிகிராம் வரை போகும். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தின் எடையே 90 மில்லிகிராம்தான். அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் மூன்று நாளில் தீர்ந்துவிடும். அந்தச் செம்பு போய்ச் சேர்வது நீங்கள் புழங்கும் தண்ணீரில்.

புதுக் கம்பி போட்டால் இன்னொரு ஆறு வாரம் ஓடும், அவ்வளவுதான். கரண்டைக் குறைக்க வேண்டும். பிசி547 இருந்த இடத்தில் பிசி517 போட்டு, பேஸுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் கொடுங்கள். இது டார்லிங்டன் வகை, அதாவது ஒன்றுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர். சில மைக்ரோ ஆம்பியரே இதற்குப் போதும். மட்டம் காட்டும் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் போகும். ஆனால் மாடியிலிருந்து இறங்கும் நீளக் கம்பி மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் (இரைச்சல்) சேர்த்து இழுத்து வரும்; தண்ணீர் இல்லாமலே எல்இடி மங்கலாக மினுங்கும். பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே ஒரு 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர், ஒரு 1 மெகா ஓம் போட்டால் நின்றுவிடும்.

தண்ணீரில் செம்பை விடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வாங்குங்கள். செம்புக் கம்பியை இணைக்கும் முடிச்சு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். இன்னும் எளிய வழி, அடாப்டர் லைனில் ஒரு புஷ் பட்டன். அழுத்தினால் மட்டும் மட்டம் தெரியும். மற்ற நேரத்தில் கரண்டே இல்லை.

மோட்டாரைத் தானாக நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இந்தக் கம்பி விளையாட்டே வேண்டாம், ரீட் வகை ஃப்ளோட் சுவிட்ச் (மிதவைக் காந்தத்தால் இயங்குவது) வாங்குங்கள். சின்ன பிளாஸ்டிக் ஃப்ளோட்டின் கான்டாக்ட் பெரும்பாலும் 10 வாட்தான் தாங்கும். மோட்டார் லைனை அதில் கொடுத்தால் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். டிரான்சிஸ்டர், ரிலே வழியாகவே போங்கள். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போட மறக்க வேண்டாம்.

கேள்வி: அதே மாதிரி தொட்டி சர்க்யூட்டுக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாமல், 105 கெப்பாசிட்டர் வைத்து 230 வோல்ட்டிலிருந்தே சப்ளை எடுக்கலாமா? (ஓசூர்)

பதில்: கூடாது. 105 என்பது 1 மைக்ரோ ஃபாரட்; அது 50 ஹெர்ட்ஸில் சுமார் 3,180 ஓம். 70 மில்லி ஆம்பியர் கிடைக்கும், எல்இடியும் எரியும். ஆனால் சர்க்யூட் முழுவதும் மெயின்ஸோடு ஒட்டியே இருக்கிறது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் உங்கள் ‘கிரவுண்ட்’ ஃபேஸ் ஆகிவிடும், தொட்டித் தண்ணீரும் கூடவே. கை படாத, மூடிய பிளாஸ்டிக் இரவு விளக்குக்கு மட்டும் அந்த முறை. அங்கும் கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகை (மெயின்ஸுக்கென்றே செய்தது), குறுக்கே 470 கிலோ ஓம்.

கேள்வி: 0–12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு 1என்4007, 1000 மைக்ரோ ஃபாரட், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி). அரை ஆம்பியர் எடுத்தால் சில நிமிடத்தில் 5 வோல்ட் சரிகிறது; ஆறியதும் திரும்புகிறது. சின்ன அலுமினியத் துண்டு மாட்டியிருக்கிறேன். ஐசி போலியா? (நாகர்கோவில்)

பதில்: போலி என்று சொல்ல முடியாது. சூடு ஏறினால் தானே அணைந்துகொள்வது 7805-இன் குணம். குறை டிரான்ஸ்பார்மரில். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17, டயோடுகளில் 1.4 போக 15.5 வரை ஐசிக்கு வருகிறது. உங்களுக்கு வேண்டியது 5. மிச்சம் 10 வோல்ட்டை அரை ஆம்பியரில் தாங்கினால் 5 வாட் சூடு, அதுவும் நகம் அளவு துண்டில்.

‘அப்படியென்றால் 6 வோல்ட்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள். உச்சம் 8.5, டயோடு போக 7.1. ஐசிக்குக் குறைந்தது 7 வேண்டும். லோடு ஏறியதும் கீழே போய் 100 ஹெர்ட்ஸ் ஹம் வரும். 0–9 போடுங்கள். கெப்பாசிட்டரை 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் ஆக்குங்கள்: ரிப்பிள் (வோல்ட்டின் ஏற்ற இறக்கம்) இரண்டேகால் வோல்ட்டுக்குள் அடங்கும், பள்ளத்திலும் 9 வோல்ட் நிற்கும், சூடு கிட்டத்தட்ட பாதி. உள்ளங்கை அளவு ஹீட் சிங்க் போதும். 7805-இன் உலோக முதுகு கிரவுண்டுதான், மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) தேவையில்லை. 7905-இல் (மைனஸ் 5 வோல்ட் ஐசி) முதுகு இன்புட். அங்கே மைக்கா இல்லாமல் பெட்டியில் மாட்டினால் ஷார்ட்.

கேள்வி: 555 டைமர் ஐசியில் 1 மெகா ஓம், 1000 மைக்ரோ ஃபாரட் வைத்து 18 நிமிட டைமர் செய்தேன். ஆன் ஆகிறது, ஆஃப் ஆகவே மாட்டேன் என்கிறது. (மன்னார்குடி)

பதில்: 1.1 × ஆர் × சி கணக்குப்படி 1,100 விநாடி சரிதான். 12 வோல்ட் சப்ளையில் கெப்பாசிட்டர் 8 வோல்ட் ஏறினால்தான் 555 அணையும். அந்தக் கடைசிக் கட்டத்தில் 1 மெகா ஓம் வழியாக வருவது 4 மைக்ரோ ஆம்பியர். பெரிய எலெக்ட்ரோலைட்டிக் அவ்வளவையும் தானே கசியவிட்டுவிடும். சிடி4060 கவுன்ட்டர் ஐசிக்கு மாறுங்கள்: 10-ஆம் பின்னில் 560 கிலோ ஓம், 9-இல் 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர், 11-இல் 1.5 மெகா ஓம். மூன்றின் மறுமுனைகளும் ஒன்றாகச் சேர வேண்டும். 12-ஆம் பின் கிரவுண்ட். 3-ஆம் பின் சுமார் 17 நிமிடத்தில் ‘ஹை’ ஆகும்.