ஸ்டெப்னி இருக்கும் காருக்கு ரன்-ஃப்ளாட் டயர் எதற்கு?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் க்ரெட்டா இருக்கிறது. என் மனைவி கரூரில் வேலை முடித்துவிட்டு இரவில் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறார். டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நாலையும் ரன்-ஃப்ளாட்டாகப் போட்டால் பஞ்சர் ஆனாலும் நிற்காமல் வீடு வந்து சேரலாம் என்கிறார் டயர் கடைக்காரர். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. போடலாமா?"

வேண்டாம்.

ரன்-ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் ஆனது. காற்று முழுக்க இறங்கினாலும் அந்தச் சுவரே காரைத் தாங்கும். பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் கணக்கு 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள். கடைக்காரர் முதல் 80-ஐ மட்டும் சொல்லியிருப்பார். வண்டியில் ஆள், சாமான் அதிகம் இருந்தாலோ வெயில் கொளுத்தினாலோ அந்தத் தூரமும் சுருங்கும். நம் சாலைகளில் டயர் வீணாவது ஆணியால் மட்டுமா? பள்ளத்தில் வேகமாக இறங்கிப் பக்கச்சுவர் வெட்டுப்படுகிறது, ரிம் வளைகிறது. அதற்கு ரன்-ஃப்ளாட் கைகொடுக்காது. விறைப்பான சுவர் என்பதால் பள்ளத்தின் அடியைக் காருக்கும் உங்கள் இடுப்புக்கும் அப்படியே கடத்திவிடும்.

உங்கள் காரில் 215/60 ஆர்17 சைஸ் இருந்தால் பக்கச்சுவர் கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் உயரம். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அந்த உயரம்தான், அதைப் போய் ஏன் விறைப்பாக்க வேண்டும்? இந்த சைஸில் ரன்-ஃப்ளாட் கிடைப்பதே அரிது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் டயரைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சுவரில் ஆர்.எஃப்.டி, இசட்.பி, எஸ்.எஸ்.ஆர் என்று கம்பெனிக்கு ஒரு குறி அச்சாகியிருக்கும், கூடவே ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. விலை போகாமல் கிடந்த சரக்கைப் புதுசு என்று தள்ளிவிடும் தரகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதே கையோடு நைட்ரஜன் அடிக்கச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பஞ்சரே ஆகாது என்று டயருக்குள் ஊற்றும் திரவம் ஒன்றும் விற்பார்கள். அதை ஊற்றினால் வீல் பேலன்ஸ் கெடும், காற்றழுத்த சென்சார் அடைபடலாம், அடுத்த முறை பஞ்சர் ஒட்டும் பையன் டயரைக் கழற்றிவிட்டு உங்களைத் திட்டுவான்.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லமாட்டார். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றிப் பாருங்கள், உள்ளே மிளகுப்பொடி கொட்டியது மாதிரி ரப்பர் தூள் கிடக்கும். சுவர் உள்ளுக்குள் அரைபட்டுவிட்டது என்று அர்த்தம். அதை ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள். சாதாரண மெஷினில் இது சுலபமாகக் கழறவும் கழறாது, கடப்பாரை போட்டு நெம்பினால் அலாய் வீலும் போச்சு.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கே நீங்கள் பழைய பிஎம்டபிள்யூவோ மினி கூப்பரோ வாங்கினால் கதை வேறு. பல மாடல்கள் ரன்-ஃப்ளாட்டோடுதான் வந்தன, டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடமே இருக்காது. அவற்றின் சஸ்பென்ஷனும் அந்தத் தடித்த டயருக்காகவே அமைத்தது. அங்கே தேய்ந்த ரன்-ஃப்ளாட்டுக்குப் பதில் ரன்-ஃப்ளாட் போடுவதில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக இரவில் மலைப்பாதை ஏறுபவர் என்றால். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்பவர் சாதாரண டயருக்கு மாறலாம். ஆனால் நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இரண்டு அது இரண்டு இது என்று கலக்கக் கூடாது. டிக்கியில் சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் வைக்க வேண்டும். எந்தக் காரானாலும் காற்றழுத்த எச்சரிக்கை வேலை செய்யாமல் ரன்-ஃப்ளாட்டில் ஓடக் கூடாது. காற்று இறங்கியது பார்வைக்கே தெரியாது, நீங்கள் 110-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். பழைய கார் விற்பவர் "ரன்-ஃப்ளாட் போட்டிருக்கு சார்" என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயும் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். செலவை உங்கள் தலையில் கட்டத்தான் அந்தப் பெருமை.

அப்படி வாங்கியவர் டயர் தேடி அலைவதும் உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். உள்நாட்டில் யாரும் செய்யாத சைஸுக்கும் உரிமம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே இன்னொரு விதி வந்தது: டியூப்லெஸ் டயர், காற்றழுத்த எச்சரிக்கை, ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லையாம். கம்பெனிகளுக்கு எடையும் செலவும் மிச்சம். பக்கச்சுவர் கிழிந்து நடுரோட்டில் நிற்பவருக்கு அந்த கிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பள்ளத்தை மூடச் சொன்னால் டெண்டர் என்பார்கள், ஸ்டெப்னியை எடுக்க மட்டும் ஒரே அறிவிப்பு.

சரி, உங்கள் மனைவி விஷயத்துக்கு வருவோம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதறாமல் வேகத்தைக் குறைத்து, வெளிச்சமான பெட்ரோல் பங்க்கோ வேலஞ்செட்டியூர் சுங்கச்சாவடியோ வரைக்கும் ஓட்டி வரலாம். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ தடதடவென்று சத்தம் வந்தாலோ மட்டும் ஓரம் கட்ட வேண்டும். கதவைப் பூட்டிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்கச் சொல்லுங்கள். சுங்கம் கட்டுகிறோம், ரோந்து வண்டியை அனுப்புவது அவர்கள் வேலை. பயமாக இருந்தால் அவசர உதவி எண் 112. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சாலையோர உதவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பெரிய தொகை இல்லை.

மிச்சமாகும் பணத்தில் நல்ல கம்பெனியின் சாதாரண டயர் நாலு போடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், வாங்கிய நாளோடு அதை மறந்தவர்கள்தான் அதிகம். புது டயர் மாட்டும்போது கடையில் ஏர் கன்னால் நட்டை முறுக்கித் தள்ளுவார்கள், காரோடு வரும் குட்டை ஸ்பானரால் அதை அசைக்கவே முடியாது. கடைசி முறுக்கைக் கையால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் போடச் சொல்லுங்கள். பிறகு வீட்டு வாசலில் ஒரு நட்டையாவது உங்கள் மனைவியையே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் நீளக் கைப்பிடி உள்ள ஸ்பானர் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிடுங்கள்.