நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்குத் தங்கள் புகைப்படத்தைப் பார்த்தால் ஏன் 'இது நான்தானா?' என்று தோன்றுகிறது?

மனதில் ஓடும் வயதும் முகத்தில் தெரியும் வயதும் சேர்ந்து நகர்வதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாக 20 சதவீதம் இளமையாகவே தங்களை உணர்கிறார்கள் என்று 2006இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. அதாவது ஐம்பது வயதுக்காரருக்கு உள்ளே நாற்பதுதான். ஆண்களுக்கும் இப்படித்தான்.

பெண்களுக்கு உடம்பு மாறும் வேகம் வேறு. மாதவிடாய் பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துபோவதால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30 சதவீதம் குறைகிறது. தாடையோரம் தளர்வது, கழுத்தில் கோடு விழுவது, வகிடு அகலமாவது எல்லாம் இந்தக் காலத்தில்தான் பளிச்சென்று கண்ணில் படும். 'நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை' என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இது ஹார்மோன் செய்யும் வேலை.

அப்புறம் செல்ஃபி. கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆணின் நரையை அனுபவம் என்றும், பெண்ணின் நரையை அலட்சியம் என்றும் பார்க்கும் பழக்கம்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம். பல பெண்கள் சாயம் பூசுவது ஆசையால் அல்ல, வேலையிடத்தில் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தால்.

ஒன்று மட்டும் ஆறுதல். உடலமைப்பு பற்றிய மனக்குறை வயதானாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் முக்கியத்துவம் குறைகிறது.