கரிம சோலார் செல்: கலவையில் சேர்ப்பது கலத்துக்குள் தங்கினால்?

கொழிஞ்சாம்பாறை எம்.எஸ்ஸி. மாணவி: பாலிமர் போன்ற கார்பன் சேர்மங்களால் ஆன கரிம சோலார் செல்லின் படலத்துக்கான கரைசலில், 3 சதவீதம் டைஅயோடோஆக்டேன் என்ற திரவச் சேர்க்கை விட்டதும் செல்லின் திறன் கூடுகிறது. காரணம் என்ன சார்?

ஒளி பட்டதும் பாலிமரில் பிறக்கும் எக்சிட்டான் (எலக்ட்ரானும் துளையும் ஒட்டிய இணை) சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள் எலக்ட்ரானை வாங்கும் பொருளான அக்செப்டர் எட்டவில்லையென்றால் மின்சாரமாகாமலே அழிந்துவிடும். எனவே எலக்ட்ரானைக் கொடுக்கும் டோனரும் (இங்கே பாலிமர்) அக்செப்டரும் நெருங்கிக் கலந்திருக்க வேண்டும். பிரிந்த மின்னூட்டம் மின்முனை வரை போகத் தடையில்லாத வழியும் வேண்டும். கரைப்பானான குளோரோபென்சீன் 132 டிகிரியில் கொதிக்கும், சுழற்றிப் படலம் பூசும் ஸ்பின் கோட்டிங்கிலேயே பறந்துவிடும். டைஅயோடோஆக்டேனின் கொதிநிலை 300 டிகிரிக்கும் மேல். கடைசி வரை ஈரமாக நின்று, அக்செப்டரான ஃபுல்லரீனை (கார்பன் பந்து மூலக்கூறு) மட்டும் கரைத்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் பாலிமர் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். 2007-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகக் குழு ஆல்கேன் டைதயாலைச் சேர்த்து 2.8 சதவீதத் திறனை 5.5 ஆக்கியது. இந்த வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

பிடிபி7 என்ற டோனர் பாலிமரில் கதை வேறு. அங்கே சேர்க்கை இல்லாவிட்டால் ஃபுல்லரீன் பெரிய திரளாகக் கட்டிக்கொள்ளும், டைஅயோடோஆக்டேன் அதைக் கரைத்துப் பரப்புகிறது. ஆகவே ஒரு கலவையின் அளவை இன்னொன்றுக்கு அப்படியே எடுக்காதீர்கள். பிஎம்6 (டோனர்), ஒய்6 (ஃபுல்லரீன் அல்லாத அக்செப்டர்) ஜோடிக்குக் குளோரோஃபார்ம் கரைசலில் குளோரோநாப்தலீன் என்ற சேர்க்கை 0.5 சதவீதமே பழக்கம்.

பாலக்காடு ஆராய்ச்சி மாணவர்: செல்லின் முதல் நாள் திறன் எண் அருமை. வெளிச்சத்தில் வைத்தால் மளமளவென்று சரிகிறது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது படலத்தில் மிஞ்சிய டைஅயோடோஆக்டேனைத்தான். அதன் புட்டி லேபிளை ஒருமுறை படியுங்கள். நிலைப்படுத்தியாகச் செம்பு போட்டிருப்பதாக எழுதியிருக்கும். புட்டிக்குள்ளேயே சிதையும் தன்மையுள்ள பொருள் அது. கார்பன்–அயோடின் பிணைப்பு பலவீனமானது, புறஊதாக் கதிர் பட்டால் உடையும். பிறக்கும் ரேடிக்கல்கள் (எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) பாலிமரையும் அக்செப்டரையும் தாக்கும். உயர் வெற்றிடத்தில் வைத்து எடுங்கள், அல்லது மெத்தனால் விட்டுக் கழுவுங்கள். இன்னும் நல்ல வழி, ஆவியாகிவிடும் திடச் சேர்க்கைகள். 1,4-டைஅயோடோபென்சீன் அப்படிப்பட்டது. மிதமான சூட்டில் படலத்தை விட்டுப் பதங்கமாகிப் போய்விடும். வேலை முடிந்ததும் வெளியேறும் சேர்க்கையே நல்ல சேர்க்கை என்பது என் உறுதியான கருத்து.

பழியை ஒன்றின் மேலேயே போட்டுவிடவும் வேண்டாம். அடியில் எலக்ட்ரான் கடத்தும் அடுக்காக ஜிங்க் ஆக்சைடு இருந்தால், புறஊதாக் கதிரில் அதுவும் ஒய்6 வகை அக்செப்டர்களைச் சிதைக்கும். ஒரு கலத்தை இருட்டிலும், ஒன்றைப் புறஊதா வடிகட்டிக்குப் பின்னாலும், ஒன்றை முழு வெளிச்சத்திலும் வைத்து ஒப்பிட்டால் குற்றவாளி யாரென்று தெரியும். கரிம சோலார் செல்களின் ஆயுளைச் சோதிக்க 2011-இல் வந்த ஐசாஸ் நெறிமுறைப்படி வயதாக்கி, திறன் குறைவதைக் காட்டும் வளைவையும் சேர்த்தே வெளியிடுங்கள். மீனமாத வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், முதல் நாள் எண்ணை மட்டும் வைத்து என்ன செய்வது?

முதலமடை மாந்தோப்புக்காரர்: பம்புசெட்டுக்கு இந்தக் கரிம சோலார் செல்லின் வளையும் ஷீட்டை வாங்கலாமா?

இப்போது வேண்டாம். ஆய்வகத்தில் திறன் 20 சதவீதம் வரை போனது நகத்தளவு கலத்தில். சந்தையில் கிடைக்கும் சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதமே தருகிறார்கள். பம்புசெட்டுக்கு அதுதான்.

குமுளி ஏலத்தோட்ட வாசகி: எங்கள் மூடுபனிக்கும் மழைக்கும் தாங்குகிற சேர்க்கை உண்டா?

தண்ணீரைத் தடுக்கும் வேலை சேர்க்கைக்கு இல்லை. அது கண்ணாடி, விளிம்பு அடைப்பு, தடுப்புப் படலம் ஆகியவற்றின் பொறுப்பு. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலே ஈரம் உலோக மின்முனைக்கு அடியில் ஊர்ந்துவிடும். ஆனால் ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் சேதத்தைக் குறைக்கச் சேர்க்கைகள் உண்டு. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் ஃபீனால் வகை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், நிக்கல் சேர்மங்கள், கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் வரை சோதித்திருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் மின்னூட்டப் பாதையையே அடைத்துவிடும். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதச் சோதனையில் தேறியதா என்று கேட்டுவிட்டு எதையும் நம்புங்கள்.

வாளையார் வாசகர்: வீட்டு விளக்கு வெளிச்சத்தில் ஓடுமா?

ஓடும். இந்தக் கலங்களுக்கு மிகவும் பொருத்தமான இடமே அதுதான். எல்.இ.டி. ஒளியில் புறஊதா அநேகமாக இல்லை, சூடும் குறைவு. அதனால் மேலே சொன்ன சிதைவு வெகுவாகத் தணியும். உட்புற ஒளிக்கான, சாயம் ஒளியை உறிஞ்சும் வேறு வகையான சாயக்கலங்களைத் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிஸ்ட் ஆய்வகம் உருவாக்கிவருகிறது. சென்சார், கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு அந்த மின்சாரம் போதும்.